பழைய துப்பாக்கியும் புதுத் தோட்டாவும்

1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். தோட்டா பழசு, மருந்து வலுவிழந்துவிட்டது என்று எங்கள் அத்திப்பட்டு டீக்கடை வரை பேச்சு.

டெக்சாஸில் இருக்கும் என் மாணவன் இப்போது தலைகீழாகக் கேட்கிறான். 1950களில் செய்த குட்டி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .38 ரிவால்வர் வாங்கியிருக்கிறானாம். "வீரியம் கூடிய புதுத் தோட்டா போடலாமா சார்?"

வேண்டாம் தம்பி. 1935-இல் .357 மேக்னம் வந்தபோது அதன் கூட்டை .38 ஸ்பெஷலைவிட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள், பழைய துப்பாக்கியில் நுழையவே கூடாதென்று. 1970களில் வந்த 'பிளஸ் பி' ரகத்துக்கு அந்தக் காவல் இல்லை. நீளம் அதேதான். அழுத்த வரம்பு மட்டும் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டிலிருந்து 20,000. அடிப்பக்கத்து முத்திரைதான் அடையாளம். அறைக்குள் அழகாகப் போய் உட்காரும், அதை நம்பாதே. குட்டி உருளையில் அறைச்சுவர் மெல்லியது. முதல் வேட்டிலேயே வெடிக்கும் என்றில்லை. சுடச்சுட உருளை ஆட்டம் காணும், சட்டம் இழுபடும். நம்மூர் அனல்மின் நிலையத்தைக் காட்டி நான் நடத்திய கொதிகலன் பாடம்தான், மறந்துவிட்டாயா?

அந்த நிறுவனம் மாடல் எண் பொறிக்கத் தொடங்கியது 1957-இல். உருளையை வெளியே தள்ளி உள்ளே பார். எண் இல்லையென்றால் சாதாரண .38 போதும், அதையும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் போடு.

உன் அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.