வைரஸ் தடுப்பு விலக்குப் பட்டியல்

வைரஸ் தடுப்பு மென்பொருள் சோதிக்காமல் விட்டுவிட வேண்டும் என்று பயனர் குறித்துவைக்கும் கோப்புகள், கோப்புறைகள், நிரல்களின் பட்டியல். 1991இல் சென்னையில் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங்கின் மென்பொருளிலும், விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரிலும் இந்த வசதி உண்டு.

ஓயாமல் எழுதப்படும் தரவுக் கோப்பை ஒவ்வொரு முறையும் சோதித்தால் வேகம் குறையும். சில நேரம் கோப்பே பூட்டிக்கொள்ளும். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக் கடை நடத்தி, டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுபவருக்கு அந்தத் தாமதம் நன்றாகவே உறைக்கும். விலக்குவதற்குத் தவறான எச்சரிக்கை இன்னொரு காரணம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வைரஸ் தடுப்பு மென்பொருளின் புதுப்பிப்பு ஒன்று விண்டோஸின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. பல நாடுகளில் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் முடங்கின.

ஆனால் சோதனை இல்லாத இடம் தாக்குவோருக்கு ஒளிவிடம்.

எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வருக்குத் தானே பரிந்துரைத்திருந்த விலக்குகளில் சிலவற்றை நீக்கும்படி 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டே அறிவுறுத்தியது. அவை தீய நிரல்களைக் கண்டறியவிடாமல் தடுக்கலாம் என்பதே காரணம். ஆகவே கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையை மட்டும் விலக்குங்கள். சி டிரைவையோ டவுன்லோட்ஸ் கோப்புறையையோ முழுதாக விலக்காதீர்கள். திருட்டு மென்பொருளை நிறுவ விலக்கு கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.