எண்ணெய் உச்சம்

எள்ளின் நெய்யே எண்ணெய். பிறகு நிலத்தடிக் கச்சா எண்ணெய்க்கும் அதுவே பெயரானது. ‘எண்ணெய் உச்சம்’ என்றால் எண்ணெய் தீரும் நாள் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. உற்பத்தி அதிகபட்ச அளவைத் தொட்டு, நிரந்தரமாக இறங்கத் தொடங்கும் கட்டமே உச்சம். அப்போதும் நிலத்தடியில் ஏராளம் மிச்சமிருக்கும்.

அமெரிக்க உற்பத்தி 1965-1970 வாக்கில் உச்சம் தொடும் என்று நிலவியலாளர் கிங் ஹப்பர்ட் 1956இல் கணித்தார். 1970இல் அப்படியே நடந்தது. ஆனால் ஷேல் பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கியபின், 2018இல் அந்தப் பழைய உச்சத்தையும் அமெரிக்கா தாண்டிவிட்டது. ஆக, உலக அளவிலும் ‘நிரந்தரமாக’ என்பதில்தான் வழக்கு. மின்வாகனங்களால் தேவை குறைந்து உற்பத்தி இறங்கினால் அது தேவையின் உச்சம். அதையும் எண்ணெய் உச்சத்தையும் ஒன்றாக்கி எழுதுவது வாசகரைக் குழப்பும்.