மறுசேர்க்கை மனிதப் பிடி-எல்1 புரதம்

மனித சரீரத்தின் உயிரணுக்கள் சிலவற்றின் மேற்சவ்வில் இயல்பாகவே அமைந்து, தாக்க வரும் டி-செல்களை அடங்கச் செய்யும் பிடி-எல்1 என்னும் புரதத்தைப் புற்றுச் செல்களும் மிகுதியாக உண்டாக்கித் தமக்குக் கவசமாக்கிக்கொள்கின்றன. இப்புரதத்தை உடலிலிருந்து பிரித்தெடுக்காமல், அதன் மரபணுவை வேறோர் உயிரணுவில் புகுத்தி ஆராய்ச்சிக்கென விளைவித்துக்கொள்ளும்போது அது மறுசேர்க்கைப் பிடி-எல்1 எனப்படும்.

1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லியெபிங் சென் குழுவினர் இதனைப் பி7-ஹெச்1 என்ற பெயரால் விவரித்தனர். மறுவருஷம் கோர்டன் ஃப்ரீமன், தசுக்கு ஹோஞ்சோ முதலானோர், 1992-இல் கியோட்டோவில் ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடத்தார் கண்டறிந்திருந்த பிடி-1 என்னும் ஏற்பிக்கு இதுவே இணையென்று காட்டி இன்றைய நாமத்தை இட்டனர். மரபணுவுக்கோ சிடி274 என்று மூன்றாவது பெயரொன்றும் உண்டு. ஒரே பொருளை இத்தனை பெயரால் அழைத்தால் புதிதாக வரும் மாணவர் மயங்காமல் என்ன செய்வார்!

முழுப் புரதம் 290 அமினோ அமிலங்களால் ஆனது. முதல் 18 வழிகாட்டிப் பகுதியாக நின்று பின்னர் வெட்டுண்டு போக, 19 முதல் 238 வரையிலான பாகம் செல்லுக்கு வெளியே நீண்டும், அடுத்த பாகம் சவ்வினுள் ஊடுருவியும், எஞ்சிய குறுவால் உள்ளேயும் கிடக்கின்றன. சவ்வில் புதைந்திருக்கும் பாகம் எண்ணெய்ச் சுபாவமுடையதாகையால் நீரில் கரையாது திரளும். ஆகவே பெரும்பாலோர் அதனையும் வாலையும் நீக்கி, வெளிப்பாகத்தை மட்டுமே விளைவித்து, நிக்கல் பூசிய மணிகளில் பற்றிக்கொள்ளும்படி அதன் நுனியில் ஹிஸ்டிடின் தொடரொன்றை ஒட்டிச் சுத்திகரிக்கின்றனர். சவ்வுப் புரதம் என்று பெயர் தாங்கிய குப்பியில் சவ்வைத் தொடும் பாகமே இல்லையென்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எந்தச் செல்லில் விளைவிப்பது என்பதே முக்கியமான தீர்மானம். இப்புரதத்தின் வெளிப்பாகத்தில் நான்கு இடங்களில் சர்க்கரைத் தொடர்கள் ஏறுகின்றன. பாக்டீரியாவுக்கு அவ்வகைச் சர்க்கரையேற்றும் சாமர்த்தியம் பொதுவாக இல்லாமையால், மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து 1973-இல் லைடன் நகரில் ஃபிராங்க் கிரகாம் உருவாக்கிய ஹெச்.இ.கே. 293 செல்வழியே பெரிதும் விரும்பப்படுகிறது. ஜெல்லில் ஓட்டி நீலச் சாயமேற்றிப் பார்த்தால், அமினோ அமிலக் கணக்கின்படி 25 கிலோடால்டன் அளவில் நிற்கவேண்டிய பட்டை, அதற்கு வெகு மேலே அகன்று கலங்கித் தெரியும். அதைக் கண்டு சரக்கு கெட்டதென்று எண்ணலாகாது. சர்க்கரையை வெட்டும் என்சைமிட்டு மீண்டும் ஓட்டினால் பட்டை கீழிறங்கிக் கூர்மையடையும். எனினும் படிகம் வளர்த்து அமைப்பைக் காண விரும்புவோர்க்குச் சர்க்கரையே இடையூறாவதால், அவர்கள் பாக்டீரியாவில் விளைந்ததை மீளமடித்துப் பயன்படுத்துவதும் உண்டு.

பிடி-1 உடன் இதற்குள்ள பிணைப்பு பலவீனமானது. கரைசலில் ஒற்றைக்கொற்றை அளந்தால் பிரிவு மாறிலி சுமார் 8 மைக்ரோமோலார் வரும். ஆனால் ஆன்டிபாடியின் எஃப்சி பாகத்தோடு ஒட்டி இரட்டையாக்கிய வடிவத்தைத் தட்டிலோ செல்லின் மீதோ சோதித்தால், இரு கைகளும் ஒருங்கே பற்றுவதால் பிணைப்புப் பன்மடங்கு உறுதியானதுபோல் தோற்றமளிக்கும். இவ்விரு எண்களையும் ஒன்றாகக் கருதி ஒப்பிடும் பிழை சாதாரணமாகவே நிகழ்கிறது.

2016 மே மாதத்தில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கென அமெரிக்காவில் அனுமதி பெற்ற அட்டிசோலிசுமாப் போன்ற ஆன்டிபாடிகள் இப்புரதத்தின் மீதே பற்றி, பிடி-1 அணுகாதபடி மறிக்கின்றன. புதிய ஆன்டிபாடிகளைத் தேர்ந்தெடுப்பதற்கும், தயாரித்த மருந்தின் வீரியத்தைத் தட்டில் அளப்பதற்கும் மறுசேர்க்கைப் புரதமே உரைகல்லாக உதவுகிறது.

இது பெரும்பாலும் உறைநிலையில் உலர்த்திய வெண்படலமாகவே வந்து சேரும். குப்பியைத் திறக்குமுன் சிறிது நேரம் சுழற்றியில் வைத்து, மூடியில் ஒட்டிய துகளை அடியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கரைக்கும்போது நுரை எழும்படி குலுக்காமல் மெல்ல உருட்டி, கரைந்ததைச் சிறுசிறு பங்குகளாக்கி −80 பாகையில் வைப்பர். ஒரு பங்கை உருக்கினால் மீதியை மறுபடி உறைய வைப்பதில்லை.