வரக்காப்பி பிறந்த கதை

அயோத்தியாப்பட்டணத்தில் நின்று வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை. குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் பாதை இந்தப் பக்கம்தான் போகிறது. அந்த மலையில் காப்பிச் செடி வேர்பிடித்து இருநூறு வருஷம் ஆகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. தமிழ்நாடே அறிந்த நரசுஸ் காப்பித்தூளும் 1926-ல் சேலத்தில் தொடங்கியதுதான். விளைகிற மலை ஒருபக்கம், அரைக்கிற ஊர் மறுபக்கம். ஆனாலும் இங்கே காப்பிக்கு வழங்கும் பேர்களில் மலையும் கிடையாது, கொட்டையும் கிடையாது. பால் உண்டா இல்லையா, அதுதான் கணக்கு.

உலகத்தில் பல இடங்களில் இது வேறு மாதிரி. ஏமன் நாட்டுத் துறைமுகத்தின் பேரால் மோக்கா வந்தது. அமெரிக்கர்கள் இந்தோனேசியத் தீவின் பேரைச் சொல்லி ‘ஜாவா’ என்றாலே காப்பிதான். மலேசியாவில் ‘கோப்பி ஓ’ என்று கேட்டால் பால் சேராத கறுப்புக் காப்பி வரும். அந்த ‘ஓ’ ஹொக்கியன் சீனர் கறுப்புக்குச் சொல்லும் சொல். அங்கே நிறத்தைப் பார்த்துப் பேர் வைத்தார்கள்.

அதே காப்பி நம் பக்கம் வரக்காப்பி. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் கடுங்காப்பி என்பார்கள். அது நாக்கு வைத்த பேர். வரக்காப்பி மாடு வைத்திருந்தவர்கள் வைத்த பேர் என்றே எனக்குப் படுகிறது. பால் வற்றிப்போன பசுவை வறட்டுப்பசு என்போம். காய்ந்த மிளகாய் இங்கே வரமிளகாய். பாலில்லாத காப்பியும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. கறக்கிற பால் சொசைட்டிக்குப் போய்விடும். வீட்டில் இருப்பவர்களுக்கு வரக்காப்பி. இல்லாததைச் சொல்லிப் பேர் வைத்தார்கள், ஆனால் அதைக் குறையாக நினைத்துக் குடித்தவர்கள் குறைவு.

அதைப் போடும் விதமே தனி. பில்டரும் வேண்டாம், டபராவும் வேண்டாம். போசியில் தண்ணீர் வைத்து வெல்லத்தைத் தட்டிப் போடுவார்கள். வெல்லம் கரைந்து தளதளவென்று கொதிக்கும்போது தூளைப் போட்டு, பொங்கி மேலே வரும் நேரத்தில் இறக்கி மூடிவிடுவார்கள். மண்டி அடியில் தங்கியதும் ஆட்டாமல் அசைக்காமல் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். வெல்லத்தின் லேசான உப்புக் கரிப்பும் காப்பியின் கசப்பும் சேர்ந்து வரும் ருசி சர்க்கரை போட்டால் வராது.

இதற்கு நேர் எதிர்முனையில் கும்பகோணம் டிகிரி காப்பி. அந்த டிகிரி எங்கிருந்து வந்தது என்பதற்கு மூன்று கதைகள் உண்டு. சிக்கரி என்பது வாய்வழியே டிகிரி ஆனது என்பது ஒன்று. பில்டரில் முதலில் இறங்கும் டிகாக்‌ஷன்தான் முதல் டிகிரி என்பது இன்னொன்று. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க லாக்டோமீட்டரை மிதக்கவிடுவார்கள், அது காட்டும் டிகிரியில் தேறிய பாலில் போட்டது டிகிரி காப்பி என்பது மூன்றாவது. நான் நம்புவது இந்த மூன்றாவதைத்தான். நல்ல பாலைக் கள்ளிச்சொட்டு என்று கொண்டாடியவர்கள் நாம். கள்ளியைக் கிள்ளினால் வடிகிற அந்தக் கெட்டி வெள்ளைதான் நமக்குப் பாலின் இலக்கணம். காப்பிக்குப் பட்டம் கொடுக்கும்போதும் முதலில் பாலைத்தான் சோதித்திருப்பார்கள்.

சுக்குக் காப்பி இன்னும் ஒருபடி மேலே போய்விட்டது. சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் காய்ச்சுவது. பல வீடுகளில் காப்பித்தூள் மருந்துக்குக்கூட இருக்காது. பேர் மட்டும் காப்பி. காலையில் சூடாகக் குடிப்பதற்கெல்லாம் அந்தப் பேரே பொதுப்பேராகிவிட்டது.

இன்று நெடுஞ்சாலை ஓரமெல்லாம் பித்தளை டபராவோடு கும்பகோணத்துப் பலகை தொங்குகிறது. நல்லதுதான், குடிக்கட்டும். ஆனால் சேர்வராயன் அடிவாரத்திலாவது ஒரு கடைக்காரர் ‘ஏற்காட்டுக் கொட்டை, வெல்லம் போட்ட வரக்காப்பி’ என்று பலகை எழுதி மாட்ட வேண்டும். முதல் போணிக்கு நான் தயார்.