காற்றை விலக்கிய கார், காற்றைக் குடித்த கார்

இரண்டாம் உலகப் போர் ஓயப்போகிறது என்று தெரிந்ததுமே ஸ்வீடனின் ஒரு விமானத் தொழிற்சாலைக்குக் கவலை பிடித்துக்கொண்டது. 'சாப்' நிறுவனத்தை 1937-ல் தொடங்கியதே போர் விமானம் கட்டுவதற்காகத்தான். போர் நின்றால் ஆர்டர் ஏது? 1945-ல், இனி காரும் செய்வோம் என்று துணிந்தார்கள். பொறுப்பு விமானப் பொறியாளர் குன்னார் லியூங்ஸ்ட்ரோமிடம் வந்தது. உருவம் வரைந்தவர் சிக்ஸ்டன் சாஸன்.

அந்தக் குழுவில் கார் கட்டிப் பழகியவர்கள் அநேகமாக இல்லை. எனக்கு அதுவே பெரும் பாக்கியமாகத் தோன்றுகிறது. கார் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாததால், விமான இறக்கையை வெட்டிப் பார்த்தால் தெரியும் வளைவையே காருக்குக் கொடுத்தார்கள். அடிப்பகுதியையும் வழவழப்பாக மூடினார்கள். காற்றுத் தடையைக் குறிக்கும் எண் 0.3 அளவுக்கு இறங்கியது. இன்றைக்கும் மதிக்கத்தக்க எண் அது.

1949 டிசம்பரில் ட்ரோல்ஹெட்டான் ஆலையில் 'சாப் 92' உற்பத்தி தொடங்கியது. 764 சிசி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், முன்சக்கர இயக்கம். திறன் வெறும் 25 குதிரைசக்திதான். ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. டிக்கிக்குக் கதவே கிடையாது. பின்சீட்டுக்குப் பின்னால் கைவிட்டுத்தான் பெட்டியை எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லா வண்டிகளும் ஒரே பச்சை நிறம். விமானங்களுக்கு வாங்கிய பெயிண்டில் மிச்சம் என்று சொல்வார்கள்.

நம்மூர்ப் பழைய ஸ்கூட்டர்களில் போலவே இதிலும் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். இதில் ஓர் ஆபத்து உண்டு. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும். சக்கரங்களோ இன்ஜினை வேகமாகச் சுழற்றும். அதனால் 'ஃப்ரீவீல்' வைத்தார்கள். காலை எடுத்ததும் இன்ஜின் சக்கரங்களிலிருந்து விடுபட்டுத் தன் போக்கில் மெல்ல ஓடும்.

இனி 1977. பிராங்பர்ட் கண்காட்சியில் 'சாப் 99 டர்போ' வந்து நிற்கிறது. பெரிய இன்ஜின் செய்யச் சின்ன கம்பெனியிடம் பணமில்லை. ஆனால் 1969-லேயே லாரி தயாரிப்பாளரான ஸ்கானியாவோடு இணைந்திருந்தார்கள். அங்கே டீசல் டர்போ பழகிய சங்கதி. வெளியேறும் புகையின் வேகம் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டிலிருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும். இரண்டு லிட்டர் இன்ஜினில் 145 குதிரைசக்தி!

பிஎம்டபிள்யூவும் போர்ஷேயும் டர்போவை முன்பே கொண்டுவந்திருந்தன, பந்தயக்காரனின் வேகத்துக்காக. பெர் கில்ப்ராண்ட் போன்ற சாப் பொறியாளர்கள் சிறிய டர்போவைப் பொருத்தி, அழுத்தம் எல்லை மீறினால் புகையைத் திருப்பிவிடும் வால்வையும் வைத்தார்கள். குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைத்தது. குடும்பத்தோடு போகிறவர் லாரியை முந்தத் தேவைப்படும் இழுவை அது.

1979-ல் ஸ்டிக் ப்ளூம்குவிஸ்ட் இதே வண்டியில் ஸ்வீடிஷ் ராலியை வென்றார். உலக ராலி சாம்பியன்ஷிப்பில் டர்போ காருக்கு அதுவே முதல் வெற்றி. இருந்தும் இரண்டில் துணிச்சலானது எது என்று கேட்டால் நான் 92-ஐத்தான் சொல்வேன். 99 டர்போவுக்குப் பின்னால் முப்பதாண்டு அனுபவம் இருந்தது. 92-க்குப் பின்னால் விமானங்கள் மட்டுமே.

(தொடரும்)