பேரனின் கம்ப்யூட்டரும் நாற்பது வருடச் சரித்திரமும்

இதுவரை மில் வாழ்க்கை, கோயில், பழைய மீட்டர் கேஜ் ரயில் என்று எழுதி வந்தவன் இன்று கம்ப்யூட்டர் பக்கம் வந்திருக்கிறேன். காரணம் என் பேரன்.

செண்பகத்தோப்புக்குப் போகும் சாலையில், மாந்தோப்பை ஒட்டி எங்கள் வீடு. பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. கரண்டு கம்பி எங்கள் பக்கத்தோடு முடிந்துவிடும். கடைசி வீடுகளுக்கு வோல்டேஜ் எப்படி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் எலக்ட்ரிக்கல் பிரிவில் 35 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டு வோல்ட் மீட்டரைப் பார்க்காமல் எனக்குக் காபி இறங்காது.

2023 கோடை விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு காகிதத்தை நீட்டினான். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தான். "தாத்தா, போன்ல ஆடுற விளையாட்டைத்தான் போன வருசமே எடுத்துட்டாங்களே. எனக்கு கேமிங் கம்ப்யூட்டர் வேணும். அப்பா அறுபதாயிரம்தான் தருவேன்ங்கிறார்." காகிதத்தில் பட்டியல்: ஐ7 ப்ராசஸர், ஜி.டி.எக்ஸ். 1650 கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடி வைத்து வண்ண விளக்கு எரியும் கேபினெட். கடைசி வரியில், "எஸ்.எம்.பி.எஸ். - 900 ரூபாய்."

அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

கடைக்குப் போய் "இந்த ப்ராசஸர், அந்த போர்டு" என்று பொறுக்கி எடுத்துக் கம்ப்யூட்டர் செய்வது இன்றைக்குச் சாதாரணம். அப்படி ஒரு வசதி யாரும் யோசித்துக் கொடுத்ததல்ல, அவசரத்தில் வந்தது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. எல்லாவற்றையும் தானே செய்து பழகிய கம்பெனி அது. ஆனால் ஒரே வருடத்தில் முடிக்க வேண்டியிருந்ததால் பாகங்களை வெளியே வாங்கினார்கள். ப்ராசஸர் இன்டெல் 8088. இயங்குதளம் மைக்ரோசாஃப்ட். ஃப்ளாப்பி டிரைவ் கொடுத்தது இந்தியாவில் பிறந்த டாண்டன் என்பவர் அமெரிக்காவில் நடத்திய கம்பெனி. கூடுதல் கார்டு செருக ஸ்லாட்டுகள் வைத்தார்கள். சர்க்யூட் படங்களைப் புத்தகமாகவே போட்டு விற்றார்கள். ஒரே ஆளை நம்பி இருக்கக்கூடாது என்று இன்டெல்லுக்கு மாற்றாக இன்னொருவரும் அந்த ப்ராசஸரைச் செய்ய வேண்டும் என்றார்கள். ஏ.எம்.டி. அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தது.

ஐ.பி.எம். கையில் மிச்சமிருந்த பூட்டு பயாஸ் என்ற சிறு நிரல் மட்டுமே. காம்பேக் கம்பெனி அதைக் காப்பியடிக்காமல், அதே வேலையைச் செய்யும் நிரலைத் தானே எழுதி 1982 நவம்பரில் ஒத்திசைவான கம்ப்யூட்டரை அறிவித்தது. 1984-இல் ஃபீனிக்ஸ் கம்பெனி அப்படியொரு பயாஸை யார் கேட்டாலும் விற்க ஆரம்பித்தது. அதன் பிறகு தைவான்காரர்கள் மதர்போர்டு செய்து குவித்தார்கள். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அளவு, எந்த போர்டின் திருகுத் துளையும் எந்தக் கேபினெட்டுக்கும் பொருந்தும்படி செய்தது. எந்தக் கம்பெனி பல்பானாலும் ஒரே ஹோல்டரில் மாட்டுகிறோமே, அதே சங்கதிதான்.

நம் நாட்டில் 1984 நவம்பரில் வந்த புதிய கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதியைக் கொஞ்சம் தளர்த்தியது. 1991-க்குப் பிறகு இன்னும் தளர்ந்தது. 1997-இல் இந்தியா தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2005-க்குள் கம்ப்யூட்டர் பாகங்களின் சுங்க வரி படிப்படியாக இல்லாமல் போனது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களின் சந்தையானது. கம்பெனிப் பெட்டி வாங்க வசதியில்லாத நம்மைப் போன்ற வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது இந்த வழியாகத்தான்.

விளையாட்டுக்காரர்களின் சரித்திரம் இதற்குள்ளேயே இன்னொரு கிளை. 1996-இல் வூடூ என்ற முப்பரிமாணக் கார்டு வந்தது. படம் வரையும் பாரத்தை ப்ராசஸரிடமிருந்து வாங்கித் தனியாக ஒரு சில்லு சுமக்கத் தொடங்கியது. 1999-இல் ஜிஃபோர்ஸ் 256 வந்தபோது என்விடியா அதை ஜி.பி.யு. என்றே அழைத்தது.

1998-இல் நடந்த ஒரு விஷயத்தைப் பேரனுக்கு விளக்கமாகச் சொன்னேன். இன்டெல், ஏழைகளுக்கென்று செலரான் என்ற மலிவு ப்ராசஸரை ஏப்ரலில் கொண்டுவந்தது. விலையைக் குறைக்க, கேஷ் என்ற உடனடி நினைவகத்தின் இரண்டாம் நிலையை அடியோடு எடுத்துவிட்டார்கள். சில்லு நொண்டியது, ஊர் சிரித்தது. ஆகஸ்டில் செலரான் 300ஏ வந்தது. இதில் 128 கேபி கேஷ் இருந்தது. அளவு சின்னதுதான், ஆனால் ப்ராசஸரின் முழு வேகத்திலேயே ஓடியது. போர்டின் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு பெரும்பாலும் 450-இல் ஓடியது. விலை உயர்ந்த பென்டியத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"இரண்டும் மலிவுதான்டா. முதலாவதில் தேவையானதை வெட்டிட்டான். இரண்டாவதில் தேவையானதை விட்டுட்டு மிச்சத்தை வெட்டினான். மலிவா வாங்குறது தப்பில்ல. எதை வெட்டியிருக்கான்னு தெரியாம வாங்குறதுதான் தப்பு" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு அருகதை வந்தது எப்படி என்பதையும் எழுதிவிடுகிறேன். 2002-இல் என் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. ஒரு கடையில் செலரான் வைத்து அசெம்பிள் செய்து வாங்கினோம். கடைக்காரர் இரண்டு எஸ்.எம்.பி.எஸ். காட்டினார். ஒன்று கனமானது, 400 ரூபாய் அதிகம். இன்னொன்று கையில் தூக்கினால் காலி டப்பா போல இருந்தது. இரண்டிலும் ஒரே வாட் எண் ஒட்டியிருந்தது. மில்லில் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் வாங்கும்போது ஒரு ரூபாய்க்குச் சமரசம் செய்யாதவன், "மின்விசிறி வச்ச டப்பாதானே" என்று லேசானதை எடுத்தேன். மகன் கனமானதையே பார்த்துக்கொண்டு நின்றான். வாய் திறந்து கேட்கவில்லை.

அடுத்த வருடம் மே மாதம், மலையில் இடி இடித்த ஒரு சாயங்காலம். வோல்டேஜ் இறங்கி ஏறியது. 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. எஸ்.எம்.பி.எஸ். தான் மட்டும் போகவில்லை. மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. மகனின் ப்ராஜெக்ட் முழுவதும் அதில்தான் இருந்தது. அவன் கல்லூரி ஆய்வகத்தில் பதினைந்து நாள் ராத்திரி பகலாக உட்கார்ந்து மறுபடி செய்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறியிருக்கும்.

பிறகு அந்த டப்பாவைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வரும் மின்சாரத்தை வடிகட்டும் பாகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பியால் இணைத்திருந்தார்கள். மின்னல் அழுத்தத்தைத் தாங்கும் வேரிஸ்டர் இல்லை. 12 வோல்ட் வரம்பு மீறினால் அணைக்கும் பாதுகாப்பு இல்லை. அந்த 400 ரூபாயில் வெட்டப்பட்டவை இவைதான். மூடி போட்டிருந்ததால் தெரியவில்லை.

இனி பேரனின் பட்டியல். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும். கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங் என்று வரிசை. சிம்ப்ளெக்ஸில் ரோவிங் வரவில்லையென்றால் ஸ்பின்னிங்கில் எத்தனை ஃப்ரேம் போட்டாலும் கதிர்கள் சும்மா நிற்கும். விளையாட்டுக் கணினியில் பெரும்பாரம் கிராபிக்ஸ் கார்டு மேல். சின்ன கார்டுக்கு ஐ7 போட்டால், ஐ7 கைகட்டி நின்று வேடிக்கை பார்க்கும்.

பட்டியலைத் திருப்பிப் போட்டோம். ப்ராசஸர் ஐ3-12100எஃப், நான்கு கோர், 8,800 ரூபாய். 'எஃப்' என்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. நமக்குத் தனிக் கார்டு இருக்கிறதே, அதை வெட்டினால் நஷ்டமில்லை. கார்டு, 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்.எக்ஸ். 6600, 21,000. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே. பேரன் 2021-இலேயே கேட்டு அழுதவன். அப்போது கிரிப்டோ காசு தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் அந்த முறையைக் கைவிட்ட பிறகு சந்தை தணிந்தது. காத்திருந்ததும் ஒரு சேமிப்புதான்.

எச்610 மதர்போர்டு 6,500. ராம் 16 ஜிபி, எட்டெட்டாக இரண்டு, 3,400. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் இரண்டு வாசலில் சரக்கு போகும். 500 ஜிபி என்.வி.எம்.இ. 2,700. கண்ணாடி விளக்குக் கேபினெட்டுக்குப் பதில் முன்னால் வலை வைத்தது, 2,900. எங்கள் ஊர் மே மாத வெயிலுக்குக் காற்றுதான் முக்கியம். 24 அங்குல மானிட்டர் 8,900. 2017-இல் இந்த அளவுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், 2019 முதல் 18. கீபோர்டும் மவுசும் 1,400.

எஸ்.எம்.பி.எஸ். வரி மட்டும் காலியாக இருந்தது. மகனுக்குப் போன் போட்டுப் பட்டியலை வாசித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிப்பா. பவர் சப்ளை மட்டும் நீங்களே பார்த்து எடுங்க. உங்களுக்குத்தான் தெரியும்" என்றான்.

இருபது வருடமாக அவனிடமிருந்து நான் எதிர்பார்த்த வசவு அது இல்லை. சற்று நேரம் பேச வரவில்லை.

550 வாட், 80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரை, 4,300 ரூபாய். பாதி பாரத்தில் இழுக்கும் மின்சாரத்தில் 85 சதவீதத்தை வேலைக்குக் கொடுக்கும். பழைய டப்பாவின் பின்னால் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருக்குமே, அது இதில் இல்லை. 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளிக்கும். லேபிளில் மொத்த வாட்டைப் பார்க்காதீர்கள், 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசஸரும் கார்டும் குடிப்பது அதில்தான். கார்டுக்கு 132 வாட், ப்ராசஸர் உச்சத்தில் 89. மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300-ஐத் தாண்டாது. தாராளம். கடையில் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தேன். கனமாக இருந்தது.

கூட்டினால் 59,900. மிச்சம் நூறு ரூபாய்க்குத் திருவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மலைப் பக்கம் கறுத்தது. முதல் இடி கேட்டதும் நான் எழுந்தேன். அதற்குள் பேரன் விளையாட்டைப் பாதியில் நிறுத்தி, ஷட்டவுன் கொடுத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்திருந்தான்.

"அப்பா சொல்லித்தான் அனுப்பினார் தாத்தா" என்றான்.