வீட்டிலேயே இருக்கட்டும்!

சேத்துப்பட்டு பக்கம் போயிருக்கிறீர்களா? கணித மேதை ராமானுஜன் 1920 ஏப்ரலில் கண்ணை மூடியது அங்கேதான். வயது 32! 'டி.பி.' என்று சொல்லித்தான் வைத்தியம் பார்த்தார்கள் (இல்லை, கல்லீரலில் அமீபா தொற்று என்பது பிற்கால ஆய்வாளர்கள் சிலரின் கருத்து). அன்றைக்கு டி.பி-க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு... பணம் இருந்தால் சானடோரியம்.

36 வருடம் கழித்து, 1956-ல், அதே சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் முளைத்தது. அதற்குள் மருந்துகள் வந்துவிட்டன. ஆனால், லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கைக்கு எங்கே போவது? 'மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன?' என்று கேட்டார்கள் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டரும் நம்மூர் டாக்டர்களும்.

விபரீதமான கேள்விதான்! ஒரே அறையில் மொத்தக் குடும்பமும் படுக்கிற வீடுகள் அவை. அப்பா இருமினால் பக்கத்தில் தூங்குகிற குழந்தையின் கதி?

193 நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. யார் எங்கே என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்கவில்லை, கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கல்தான். எல்லோருக்கும் ஒரு வருடம் அதே ஐசோநியாசிட், அதே பி.ஏ.எஸ். இந்த பி.ஏ.எஸ். இருக்கிறதே... வயிற்றைப் புரட்டும். சும்மா விடுவார்களா நம் ஆட்கள்? 'சாப்பிட்டாச்சு டாக்டர்' என்று சொல்லிவிட்டுத் தூக்கி எறியலாமே! அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரையும் சோதித்தார்கள்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சத்தான சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டில் இருந்தவர்களோ அரைகுறையாகச் சாப்பிட்டு, வேலையும் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவிகிதம், வீட்டில் 86. பெரிய வித்தியாசம் இல்லை!

சரி, அந்தக் குழந்தைகள்? வீட்டில் இருந்தவர்களையெல்லாம் ஐந்து வருடம் தொடர்ந்து பரிசோதித்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொண்ட குடும்பங்களுக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் தெரியவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே தொற்றிவிடுகிறது... மருந்து உள்ளே போனபின் பரவும் வேகம் சட்டென்று குறைந்துவிடுகிறது!

பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்க வைக்கும் முறைக்கும் சேத்துப்பட்டில்தான் முக்கியமான அஸ்திவாரம் போட்டார்கள். அந்த மையம் இன்றும் அங்கேயே, தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது.